தன் தவறைக் கல்லில் வெட்டிய மாமன்னர்

லேக் கார்டன்ஸ்: இங்கிருந்து ரயிலேறி மாஜேர்ஹாட் வழியாக ஹூக்ளி நதிக்கரை சென்றால் பிரின்செப் காட் நிலையம் வரும். அந்தப் படித்துறைக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பிரின்செப் கல்கத்தா நாணயச் சாலையில் அதிகாரியாக இருந்தவர். பல நூற்றாண்டுகளாக எவரும் படிக்க இயலாதிருந்த பிராமி எழுத்தை 1837-ல் படித்தறிந்தவர் அவரே. அதனால் உலகுக்குத் தெரிய வந்தவர் மௌரியப் பேரரசர் அசோகர்.

சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மகன். கி.மு. 268-ஐ ஒட்டி முடிசூடினார். சகோதரர்களைக் கொன்ற கொடியவர் என்று பௌத்த நூல்கள் கூறுவதை ஆராய்ச்சியாளர்கள் முழுதும் ஏற்பதில்லை. ஆனால் கலிங்கப் போர் கதையல்ல. முடிசூடிய 8 ஆண்டுகளுக்குப்பின், இன்றைய ஒடிசா பகுதியில் அது நடந்தது. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துச் செல்லப்பட்டனர். இன்னும் பல மடங்கினர் மாண்டனர். இக்கணக்கைச் சொல்வது எதிரிகளல்ல. வென்ற மன்னரே தம் 13-ஆம் பாறைக் கல்வெட்டில் வருந்திச் சொன்னது.

அந்த வருத்தம் அவரை அறத்தில் தீவிரமாக ஈடுபடுத்தியது. தவறை ஒப்புக்கொண்டு இனிச் செய்யாதிருப்பவன் திருந்தலாம் என்பது ஆதி பௌத்தத்தின் பாடம். விரல்களை மாலையாக அணிந்த கொலைகாரன் அங்குலிமாலனையும் புத்தர் துறவியாக ஏற்றார். மகன் ராகுலனுக்குப் பொய்யைப் பற்றிச் சொன்ன அறிவுரையும் இதுவே. அதைத் துறவியரும் இல்லறத்தாரும் கேட்க வேண்டுமென அசோகர் பொறித்த கல்வெட்டு, ராஜஸ்தானின் பைராத்தில் கிடைத்தது. இன்று அது கொல்கத்தா பார்க் தெரு ஆசியாட்டிக் சொசைட்டியில் உள்ளது.

தம்மைத் திருத்திக் கொண்டவர் பிற குற்றவாளிகளையும் மறக்கவில்லை. மரண தண்டனை பெற்றோருக்கு 3 நாள் அவகாசம் அளித்தார். உறவினர் அதற்குள் உயிர்ப்பிச்சை கேட்கலாம். கிடைக்காவிடில், சாகப் போகிறவர் தானமும் விரதமும் செய்து மறுமைக்கு வழி தேடலாம். தம் ஆட்சியின் முதல் 26 ஆண்டுகளில் 25 முறை கைதிகளை விடுவித்தார்.

குறையும் உண்டு. மரண தண்டனையை அவர் ஒழிக்கவில்லை. கலிங்கத்தைத் திருப்பித் தரவுமில்லை. கலிங்கத்துத் தௌலியில் அந்த வருத்தக் கல்வெட்டையே வெட்டவில்லை. அதற்குப் பதிலாக, யாரையும் காரணமின்றிச் சிறையிடவோ வதைக்கவோ கூடாதென அதிகாரிகளுக்கு ஆணை பொறித்தார்.

ஆயினும் அவர் மீண்டும் அப்படியொரு போர் தொடுத்ததாகச் சான்றில்லை. அறத்தால் வென்ற நாடுகளென்று 13-ஆம் கல்வெட்டு கூறும் வரிசையில் நம் சோழ, பாண்டிய நாடுகளும் உள்ளன.

கி.மு. 232-ஐ ஒட்டி அசோகர் மறைந்தார். பிரின்செப் 1837-ல் படித்தவற்றுள் தில்லித் தூண் கல்வெட்டும் ஒன்று. சாவை எதிர்நோக்கிய கைதிக்கு 3 நாள் தந்த ஆணை அதில்தான் இருந்தது.