சர் ஏ. டி. பன்னீர்செல்வம்

தஞ்சைத் தரணி ஈன்ற பெருமக்களுள் சர் ஏ. டி. பன்னீர்செல்வம் குறிப்பிடத்தக்கவர். 1888இல் பிறந்த அப்பெருந்தகை, இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று வழக்கறிஞரானார். நீதிக்கட்சியின் தூணாக விளங்கிய அவர், நம் தரங்கம்பாடியும் அடங்கியிருந்த அன்றைய தஞ்சை ஜில்லா போர்டின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வடமொழி மட்டுமே பயிற்றப்பட்ட திருவையாற்று அரசர் கல்லூரியில் தமிழுக்கும் இடம் பெற்றுத் தந்தமை அவர்தம் பணிகளுள் தலையாயது.

1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர் சார்பில் கலந்துகொண்டார். 1937இல் சென்னை மாகாண அமைச்சரானார். இந்தியா மந்திரியின் ஆலோசகராகப் பொறுப்பேற்க இலண்டன் செல்கையில், 1.3.1940 அன்று அவர் சென்ற ஹானிபால் விமானம் ஓமான் வளைகுடாப் பகுதியில் மறைந்தது. அவருக்குக் கல்லறையும் இல்லை. எனினும், அவர் திறந்த கதவின் வழியே தமிழ் கற்றோர் பலர். சமயம் கடந்து தமிழ் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் அந்நன்றியை மறவாதிருப்பாராக!