தந்தை செல்வா: குடியுரிமைக்காக எழுந்தவர், கோயில் வாசலில் தயங்கியவர்

விம்கோ நகர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த உறவினரை நம்பி இங்கே வந்தவர். அங்கே உங்களுக்காகப் பேசிய தலைவர்கள் யார் என்று கேட்டேன். முதலில் தொண்டைமான் பெயரைச் சொன்னார். கொஞ்சம் யோசித்து, யாழ்ப்பாணத்துச் செல்வநாயகமும் பேசினாராம் என்று அப்பா சொல்லுவார் என்றார்.

ஈழத்தமிழர் தலைவரைப் பற்றி தலித் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. அவர் யாருக்காக முதலில் குரல் கொடுத்தார் என்பது ஒன்று. எந்த இடத்தில் அவர் கட்சியின் குரல் தாழ்ந்தது என்பது இன்னொன்று. இரண்டிலும் சாதி இருக்கிறது. இரண்டிலும் அவருடைய கிறித்தவ நம்பிக்கையும் இருக்கிறது.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31 அன்று மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குத் திரும்பியது. 1816இல் அமெரிக்க மிஷன் வந்து இறங்கிய ஊர் அது. மிஷன் பள்ளியிலும், பிறகு யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், கொழும்பு புனித தோமையார் கல்லூரியிலும் படித்தார். அறிவியலில் பட்டம் பெற்று ஆசிரியராக வேலை பார்த்தார். பின்னர் சட்டம் படித்து, கொழும்பில் சிவில் வழக்குகளில் பெயர்பெற்ற வழக்கறிஞரானார். ஒழுங்காகக் கோயிலுக்குப் போகும் புராட்டஸ்டண்ட் கிறித்தவர். பிறப்பால் வெள்ளாளர். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். மேடைப் பேச்சாளருக்குரிய எதுவும் அவரிடம் கிடையாது.

1947 தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலி என்று நம் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் கூட்டிப்போன மக்கள் இவர்கள். பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களின் பிள்ளைகளிடம், நீங்கள் இந்த நாட்டார் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றது அரசு. மறு ஆண்டு வாக்குரிமையும் போனது.

தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசில் அமைச்சராகச் சேர்ந்தார். செல்வநாயகம் சேர மறுத்தார். மலையகத்தார் அவருக்கு வாக்களிப்பவர்கள் அல்ல, அவர் தொகுதியில் இருப்பவர்களும் அல்ல. யாழ்ப்பாணத்து மேல்சாதியார் பலர் அவர்களைத் தோட்டக்காட்டார் என்று இளக்காரமாகப் பேசிய காலம் அது. இன்று அவர்களுக்கு நடப்பது நாளை நமக்கும் நடக்கும் என்று அவர் எச்சரித்தார். 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. கு. வன்னியசிங்கமும், கத்தோலிக்கரான டாக்டர் இ.மு.வி. நாகநாதனும் உடன் நின்றார்கள்.

நாடு முழுக்கப் பார்த்தால் அது ஒரு சிறிய கட்சி. கிறித்தவர் ஒருவர் தலைவர், தொண்டர்களில் பெரும்பாலோர் சைவர்கள். அதைக் கிறித்தவக் கட்சியாக்க அவர் நினைக்கவே இல்லை. கூட்டங்களில் வேதம் பேசவில்லை. ஆனால் அவர் நம்பிக்கை கட்சியின் நடைமுறையில் தெரிந்தது. கை ஓங்காத அறப்போர் கட்சியின் வழியானது. அதைக் காந்தியிடம் கற்றார். அடிவாங்கித் திருப்பி அடிக்காதிருக்கும் மனத்தை அவருடைய மதமும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1956 ஜூன் 5 அன்று, தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத் திடலில் உட்கார்ந்தபோது குண்டர்கள் அடித்தார்கள். 1961இல் யாழ்ப்பாணம் கச்சேரி வாசலில் வாரக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகத்துக்குப் பிறகு ராணுவம் வந்தது. அவரும் தோழர்களும் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்கள்.

1956இல் திருகோணமலை மாநாட்டில் கட்சி நான்கு கோரிக்கைகளை வைத்தது: கூட்டாட்சி, தமிழுக்குச் சம உரிமை, குடியேற்றத் திட்டங்களை நிறுத்துவது, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை. நான்காவது கோரிக்கையால் யாழ்ப்பாணத்தில் ஒரு வாக்குகூடக் கூடியிருக்காது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டபோதும் தமிழரசுக் கட்சி எதிர்த்தது. எங்கள் பாட்டியை யாரும் கேட்கவில்லை. அவர் கணக்கில் ஒரு எண்.

இதுவரை உள்ள கதையை அரசியல் மேடைகள் எல்லாம் சொல்லும். நாம் பேச வேண்டியது மீதிக் கதை.

யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார் தேநீர்க் கடைக்குள் உட்கார முடியாது. பொதுக்கிணற்றில் அள்ள முடியாது. பெரிய கோயில்களுக்குள் போக முடியாது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தபோது பள்ளிகளுக்குத் தீவைத்த ஊர் அது. தேவாலயத்திலேயே சாதி பார்த்து உட்கார வைத்த காலமும் உண்டு. வடக்கன்குளத்தில் தேவாலயத்துக்குள் சுவர் எழுப்பிய நமக்கு இது புதிதல்ல.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதியைக் காட்டித் தடுப்பது குற்றமானது. தமிழரசுக் கட்சி அதை ஆதரித்தது. தீண்டாமை கூடாது என்று தன் மேடையிலும் சொன்னது. ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தது, கடைக் கதவு மூடியே இருந்தது. கதவைத் தள்ளியது பாதிக்கப்பட்ட மக்கள்தான். 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது, போலீஸ் அடித்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. பின்னால் இருந்தவர்கள் நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்டுகள்.

1968இல் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலுக்கு வந்தது. மக்கள் உள்ளே விடச் சொல்லி வாசலில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் ஆட்களோடு நின்று வழிமறித்தார். அந்தக் கோயில் இருப்பது காங்கேசன்துறைத் தொகுதியில், செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியில்.

தமிழரசுக் கட்சி கோயில் நுழைவை எதிர்க்கவில்லை. ஆனால் காலிமுகத் திடலிலும் கச்சேரி வாசலிலும் உட்கார்ந்த கட்சி, மாவிட்டபுரம் வாசலில் மக்களோடு உட்காரவில்லை. இது பீக்கிங் கம்யூனிஸ்டுகளின் வேலை என்று பேசியவர்களும் கட்சியில் இருந்தார்கள். கிறித்தவர் இந்துக் கோயில் விஷயத்தில் எப்படித் தலையிடுவார் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மதத்தைச் சொல்லி அவரை வீழ்த்தக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர் கட்சியில் சைவத் தலைவர்கள் எத்தனையோ பேர். அவர்களை அனுப்பியிருக்கலாம். தயக்கத்துக்குக் காரணம் மதம் மட்டுமல்ல, வெள்ளாளர் வாக்கும்தான். கோயில் வாசலை மறித்த அதே சுந்தரலிங்கம் 1970 தேர்தலில் அவரை எதிர்த்தும் போட்டியிட்டார்; தோற்றார். தயங்கியதால் எதிரி ஓய்ந்துவிடவில்லை.

பிறகு பார்க்கின்சன் நோய் உடம்பை வாட்டியது. 1972இல் இங்கே வந்து பெரியாரையும் கலைஞரையும் சந்தித்தார். அந்த ஆண்டுப் புதிய அரசியலமைப்பை எதிர்த்துப் பதவி விலகி, 1975 இடைத்தேர்தலில் பெரும் வித்தியாசத்தில் வென்றார். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது அவரே தலைவர். 1977 ஏப்ரல் 26 அன்று மறைந்தார். கிறித்தவராக வாழ்ந்தவரின் உடல் தகனம் செய்யப்பட்டது. மூன்று மாதத்தில் நடந்த தேர்தலில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த த. இராசலிங்கம் அதே அணி சார்பில் உடுப்பிட்டியில் வென்றார். வாசலில் அடிவாங்கிய மக்களின் போராட்டம் இல்லாமல் அந்த இடம் கிடைத்திருக்காது.

வாக்கு தராத மக்களுக்காகத் தன் தலைவரையே விட்டு வெளியே வந்தவர் அவர். அது அவருடைய நம்பிக்கையின் பலன் என்றால் அந்த நம்பிக்கையை வணங்கலாம். பக்கத்து ஊர்க் கோயில் வாசலில் அதே நம்பிக்கை ஏன் போதவில்லை என்றும் கேட்க வேண்டும். தேர்தல் வந்தால் நம் ஊரிலும் சின்னக் கட்சிகள் வரும். ஜெபக் கூட்டத்துக்கும் வரும், கும்பாபிஷேகத்துக்கும் வரும். சுடுகாட்டுப் பாதைக்கும், பூட்டிய கோயிலுக்கும் எங்களோடு வந்து நிற்பீர்களா என்று கேட்டுவிட்டு வாக்குச் சாவடிக்குப் போவோம்.