நூறாண்டு கழித்துக் கிடைத்த ஆதாயம்

காரிருளிலும் மனித உடலின் வெப்பத்தை உணரும் அகச்சிவப்புக் கருவிகளைக் காணும்போது, பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்குப் பியர் கியூரியே நினைவுக்கு வருகிறார்.

1859-இல் பாரிஸில் பிறந்து வீட்டிலேயே கல்வி கற்ற அவர், 1880-இல் தமையன் ஜாக்குடன் இணைந்து, அழுத்தத்தால் படிகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்றான ரோஷெல் உப்பே பின்னாளில் முதன்முதலாக அறியப்பட்ட ஃபெரோமின் பொருள்.

காந்தப் பொருள்கள் தம் இயல்பை இழக்கும் வெப்பநிலையை அவர் 1895-இல் ஆய்வேடாக்கினார். ஃபெரோமின் பொருள்களுக்கும் அத்தகைய எல்லை உண்டு. அதன் பெயரும் கியூரி வெப்பநிலையே. அவ்வெல்லையை நெருங்குகையில் சிறு வெப்ப மாற்றமும் அவற்றின் மின்னூட்டத்தைப் பெரிதும் மாற்றும். இக்கருவிகளுள் சில குளிரூட்டாமலே இயங்குவது இதனால்தான்.

ரேடியத்துக்குக் காப்புரிமை கோராத கியூரி, 1906-இல் பாரிஸ் வீதியில் குதிரை வண்டியில் சிக்கி மறைந்தார். உடனடி ஆதாயத்தை அளவுகோலாக்கி ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர், இந்த நூறாண்டு இடைவெளியை எண்ணிப் பார்க்க வேண்டும்.