எஸ். எஸ். விசுவநாததாஸ்

எஸ். எஸ். விசுவநாததாஸ் (ஜூன் 16, 1886 - டிசம்பர் 31, 1940) தமிழ் நாடக மேடையில் புகழ்பெற்று விளங்கிய பாடகரும் நடிகரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். புராண நாடகங்களின் இடையே ஆங்கில ஆட்சியைச் சாடும் பாடல்களைப் பாடியமைக்காகப் பலமுறை கைது செய்யப்பட்டுச் சிறை சென்றார். வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக வேடமேற்று நடித்துக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் நீத்தார். தியாகி விசுவநாததாஸ் என்ற பெயரால் இவர் பரவலாக அறியப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

விசுவநாததாஸ் 1886 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். தந்தை சுப்பிரமணியம், தாய் ஞானாம்பாள். மதுரைக்குத் தெற்கே உள்ள திருமங்கலத்தில் தாய்வழி உறவினரிடம் வளர்ந்தார். பின்னர் அவ்வூரே அவருடைய சொந்த ஊர் போலாயிற்று.

இவர் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். முடி திருத்துதல், நாட்டு மருத்துவம், மகப்பேறு பார்த்தல், மங்கல நிகழ்ச்சிகளில் இசைத்தல் ஆகியவற்றை இச்சமூகத்தினர் பரம்பரையாகச் செய்து வந்தனர். ஊருக்கு இன்றியமையாத பணிகளைச் செய்த போதிலும், சமூக அடுக்கில் இவர்கள் தாழ்வாகவே நடத்தப்பட்டனர். விசுவநாததாசின் மேடை வாழ்க்கையில் இந்நிலை பிற்காலத்தில் பல இடையூறுகளை ஏற்படுத்தியது.

இளமையிலேயே நல்ல குரல்வளம் பெற்றிருந்த இவர், அக்குரலின் வலிமையாலேயே நாடகத்துறைக்கு வந்தார். பெயரின் இறுதியில் உள்ள தாஸ் என்பது அக்கால நாடகத்துறையினர் பலர் மேற்கொண்ட ஒட்டு ஆகும். சங்கரதாஸ் சுவாமிகள், மதுரகவி பாஸ்கரதாஸ் ஆகியோரின் பெயர்களிலும் இதனைக் காணலாம்.

அக்கால நாடக மேடை

விசுவநாததாசின் பணியைப் புரிந்துகொள்ள, அவர் நடித்த மேடையின் இயல்பை அறிதல் வேண்டும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் இருவகை நாடகங்கள் நடைபெற்றன. ஒன்று, நடிகர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திப் பல மாதங்கள் பயிற்சி அளித்த கம்பெனி நாடகம். மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். இதில் நடிகர்கள் ஒரு குழுவைச் சேர்ந்தவர்களாக இருப்பதில்லை. ஓர் ஊரில் நாடகம் நடத்த விரும்புவோர் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே ஏற்பாடு செய்வர். அவர்கள் அன்றிரவு மேடையிலேயே ஒருவரையொருவர் சந்தித்து, ஒத்திகை ஏதுமின்றி விடிய விடிய நடிப்பர்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) எழுதிய நாடகங்களே இம்மேடைக்கு அடிப்படையாக அமைந்தன. கதையும் முதன்மைப் பாடல்களும் எல்லா நடிகருக்கும் மனப்பாடம். ஆயினும் பாடல்களுக்கு இடையே சொந்தச் சரக்கைச் சேர்க்க நடிகருக்கு முழு உரிமை இருந்தது. குறிப்பாக வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனும் வள்ளியும் பாட்டாலும் பேச்சாலும் ஒருவரையொருவர் மடக்கும் தர்க்கப் பகுதி மிகவும் புகழ்பெற்றது. யார் சளைக்காமல் விடையளிக்கிறார் என்பதைக் காணவே மக்கள் திரண்டனர். பாடல்களே மிகுந்த நாடகமாதலின் நல்ல தொண்டை உள்ளவரே ராஜபார்ட்டாக நிலைக்க முடிந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடுதல் கட்டாயமாக இருந்தது.

எழுதிய பிரதிக்கு வெளியே பாடுவதற்கு இருந்த இந்த இடைவெளியே விசுவநாததாசின் அரசியல் களமாயிற்று.

அரசியல் ஈடுபாடு

விசுவநாததாஸ் தூத்துக்குடியில் காந்தியைச் சந்தித்து, அவருடைய தூண்டுதலால் தேசிய இயக்கத்தில் ஈடுபட்டதாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. சில குறிப்புகள் இதனை 1911 ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகக் காட்டுகின்றன. ஆனால் அவ்வாண்டில் காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தார். 1915 ஜனவரியிலேயே இந்தியா திரும்பினார். ரௌலட் சட்டத்துக்கு எதிரான சுற்றுப்பயணத்தின்போது, 1919 மார்ச் மாத இறுதியில் அவர் தூத்துக்குடியில் உரையாற்றினார்.

அப்பயணம் முடிந்து சில நாட்களில், 1919 ஏப்ரல் 13 அன்று, அமிர்தசரஸ் ஜாலியன் வாலாபாக் திடலில் கூடியிருந்த மக்கள் மீது ஜெனரல் டயர் துப்பாக்கிச் சூடு நடத்தச் செய்தார். இப்படுகொலையைப் பற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய இரங்கற்பாடலை விசுவநாததாஸ் மேடைதோறும் பாடினார். செய்தித்தாள் படிக்கத் தெரியாத மக்களுக்குப் பஞ்சாபில் நடந்த கொடுமை நாடகக் கொட்டகையில் பாட்டாக வந்து சேர்ந்தது. இவர் கதராடை அணியும் வழக்கத்தையும் மேற்கொண்டார்.

கொக்குப் பாட்டு

விசுவநாததாசின் பெயருடன் பெரிதும் இணைத்துப் பேசப்படுவது வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாடலாகும். இதனை இயற்றியவரும் பாஸ்கரதாஸ் ஆவார்.

இப்பாடல் பாடப்பட்ட இடம் கவனிக்கத்தக்கது. வள்ளி திருமணம் கதையில் வள்ளி தினைப்புனத்தில் பரண் மீது நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டுவாள். கிளி, குருவி, மயில் என ஒவ்வொரு பறவையையும் ஓட்டும் பாடல்கள் நாடகத்தில் முன்பே இருந்தன. அந்த வரிசையில் கொக்கும் ஒரு பறவையாக வந்து சேர்ந்தது. கொக்கின் நிறம் வெள்ளை. அது வேறிடத்திலிருந்து பறந்து வந்து இங்குள்ள நீர்நிலையில் இரை தேடுவது. வணிகம் செய்ய வந்து நாட்டையே உறிஞ்சுபவர் யார் என்பதைப் பார்வையாளருக்கு விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பயிரைக் காப்பவர் பறவையை விரட்டுவது இயல்பு என்பதே கதை. நாட்டைக் காப்பவர் செய்ய வேண்டியது என்ன என்பது அதன் உட்பொருள்.

இதனால் இருவகைப் பயன்கள் விளைந்தன. முதலாவதாக, கூட்டத்தில் பேசப்படும் அரசியல் சொற்பொழிவைக் கேட்க வராத பெண்களும் உழவர்களும் முருகன் கதையைக் காண வந்து அரசியலையும் கேட்டுச் சென்றனர். இரண்டாவதாக, பாடலில் ஆட்சியாளரின் பெயர் இல்லாததால், அதனை அரசத் துரோகம் என்று மெய்ப்பிப்பது காவல்துறைக்கு எளிதாக இருக்கவில்லை. கொக்கைப் பாடியதற்காக ஒருவரைத் தண்டிக்க வேண்டுமாயின், அந்தக் கொக்கு தாமே என்று அரசு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாடல்கள் பரவிய முறை

நாடகப் பாடல்கள் மேடையோடு நின்றுவிடவில்லை. சில காசுகளுக்கு விற்கப்பட்ட சிறு பாட்டுப் புத்தகங்களாக அச்சிடப்பட்டுச் சந்தைகளிலும் தெருக்களிலும் விற்பனையாயின. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் இவை பெருமளவில் விற்கப்பட்டமையால் குஜிலி நூல்கள் என்று பெயர் பெற்றன. பாஸ்கரதாசின் பாடல்கள் கிராமபோன் இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. கே. பி. சுந்தராம்பாள் (1908 - 1980) முதலிய புகழ்பெற்ற பாடகர்கள் அவற்றைப் பாடினர். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும் படத்திலும் பாஸ்கரதாசின் பாடல்கள் இடம்பெற்றன. அப்படத்தின் கதைக்குத் தொடர்பில்லாத தேசியப் பாடல்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன.

1930 ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது இந்த இசை தெருவுக்கும் வந்தது. ஜாலியன் வாலாபாக் நினைவு நாளான ஏப்ரல் 13 அன்று, இராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியில் தி. சே. சௌ. இராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தனர். அவர்கள் வழிநெடுகப் பாடிச் செல்வதற்காக நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை நடைப்பாட்டு ஒன்றை இயற்றித் தந்தார். நடிகர்களின் குரல் மக்களிடம் பெற்றிருந்த செல்வாக்கை உணர்ந்த சத்தியமூர்த்தி போன்ற காங்கிரசுத் தலைவர்கள் அவர்களை இயக்கத்துக்குள் கொண்டுவர முயன்றனர். சத்தியமூர்த்தி தாமும் சென்னை சுகுண விலாச சபையின் நாடகங்களில் நடித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தடையும் சிறையும்

நாடகங்களைக் கட்டுப்படுத்த ஆங்கில அரசு 1876 ஆம் ஆண்டிலேயே நாடக நிகழ்த்துகைச் சட்டத்தை இயற்றியிருந்தது. அரசின் மீது வெறுப்பைத் தூண்டும் நாடகத்தைத் தடை செய்ய இச்சட்டம் அதிகாரம் அளித்தது. ஆனால் நாடகத்தின் எழுத்துப் பிரதியில் தவறேதும் இராது. இரவு 2 மணிக்கு மேல் நடிகர் இடையில் பாடுவதே சிக்கலை உண்டாக்கியது. ஆகவே காவலர்கள் கொட்டகையில் அமர்ந்து பாடல்களைக் குறிப்பெடுத்தனர்.

விசுவநாததாஸ் இருபதுக்கும் மேற்பட்ட முறை கைதானதாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. விடுதலையானதும் அடுத்த மேடையில் அதே பாடல்களை மீண்டும் பாடுவது அவர் வழக்கம். அவர் மகன் சுப்பிரமணியதாசும் தேசியப் பாடல்களைப் பாடிச் சிறை சென்றார்.

இவர் கைதானது குறித்துச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. முருகன் வேடத்தில் இருந்தபோது பிடியாணையுடன் வந்த காவல் அதிகாரியிடம், ஆணை விசுவநாததாசின் பெயரில் உள்ளதென்றும், இப்போது மேடையில் இருப்பவர் முருகன் என்றும், வேடம் கலைந்த பின் வருமாறும் அவர் கூறினாராம். இக்கதை பல ஊர்களின் பெயரால் சொல்லப்படுகிறது. கடவுள் வேடத்தில் இருந்தவரைத் தொடுவது கூட்டத்தைக் கொதிப்படையச் செய்யும் என்பதை இருதரப்பினரும் அறிந்திருந்தனர் என்பதை இது உணர்த்துகிறது.

சாதியும் மேடையும்

மேடையில் மக்கள் கைகூப்பிய முருகன், மேடைக்கு வெளியே முடிதிருத்தும் சமூகத்தவராகவே பார்க்கப்பட்டார். ஸ்பெஷல் நாடகத்தில் உடன் நடிப்பவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு நடிகருக்கும் இருந்தது. இதனைப் பயன்படுத்தி, நடிகையர் சிலர் இவருடைய சாதியைக் காரணம் காட்டி இணையாக நடிக்க மறுத்தனர். வள்ளி இல்லாமல் வள்ளி திருமணம் நடத்த இயலாது. எனவே இம்மறுப்பு அவருடைய தொழிலையே முடக்கக்கூடியதாக இருந்தது. காலப்போக்கில் அவருடைய பாட்டுக்குத் திரண்ட கூட்டமும் தேசிய இயக்கத்தில் அவர் பெற்ற மதிப்பும் இத்தடையைத் தளர்த்தின. அவருடன் நடிக்க வேறு நடிகையர் முன்வந்தனர்.

அவர் இருமுனையில் போராட வேண்டியிருந்தது. ஆங்கில ஆட்சி அவரது பாட்டை அஞ்சியது. உள்ளூர்ச் சமூகம் அவரது பிறப்பை இழிவாகக் கருதியது. முதலாவதற்கு எதிராகப் பாட ஊரே கூடியது. இரண்டாவதை அவர் பெரும்பாலும் தனியாகவே தாங்கினார்.

இறுதிக்காலம்

1930களில் பேசும் படங்கள் பரவியதால் நாடகக் கொட்டகைகளில் கூட்டம் குறையத் தொடங்கியது. அடிக்கடி சிறை சென்றமையால் விசுவநாததாசின் வருவாய் தடைப்பட்டது. நாடகம் இல்லாத நாட்களில் நடிகருக்கு ஊதியமும் இல்லை. கடன் பெருகி, திருமங்கலத்து வீடு ஏலத்துக்கு வரும் நிலை ஏற்பட்டது. அரசை எதிர்த்துப் பாடுவதைக் கைவிட்டால் கடன் தீர்க்கப்படும் என்று அரசுத் தரப்பிலிருந்து செய்தி வந்ததாகவும், அதனை அவர் ஏற்க மறுத்ததாகவும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

கடனை அடைக்கும் பொருட்டு 1940 டிசம்பரில் சென்னையில் நாடகங்கள் நடிக்க ஒப்புக்கொண்டார். டிசம்பர் 31 அன்று இரவு ராயல் அரங்கில் வள்ளி திருமணம் நடைபெற்றது. உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் முருகன் வேடம் பூண்டு மயில் மீது அமர்ந்து பாடத் தொடங்கியவர், பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 54. இந்தியா விடுதலை பெற அதன்பின் ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

தாக்கமும் ஒப்பீடும்

விசுவநாததாஸ் பாடலாசிரியர் அல்லர்; பெரும்பாலும் பிறர் இயற்றிய பாடல்களையே பாடினார். ஆயினும் அவற்றை எங்கே, எந்தக் கதையின் நடுவே, யார் முன்னிலையில் பாடுவது என்பதை அவரே தீர்மானித்தார். பாடலுக்கான தண்டனையையும் அவரே ஏற்றார். தமிழக விடுதலை இயக்கத்தில் நாடகக் கலைஞர்களின் பங்கு நெடுங்காலம் போதிய அளவு எழுதப்படாமல் இருந்தது. 1981 இல் வெளிவந்த சு. தியடோர் பாஸ்கரனின் ஆங்கில ஆய்வுநூல் இத்துறையில் குறிப்பிடத்தக்க தொடக்கமாக அமைந்தது.

ஒடுக்கப்பட்டோர் நேரடியாகச் சொல்ல முடியாததைப் பாட்டில் மறைத்துச் சொல்வது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் விவிலியக் கதைப் பாடல்களில் தம் விடுதலை வேட்கையை வைத்துப் பாடினர். அவர்களின் வழித்தோன்றல்கள் 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஹிப் ஹாப் இசையை உருவாக்கினர். ஒருவரையொருவர் சொல்லால் மடக்கும் ராப் போட்டியும் ஸ்பெஷல் நாடகத் தர்க்கமும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவையல்ல. ஆயினும் கூட்டத்தின் முன் உடனுக்குடன் விடையளிக்கும் திறனையே இரண்டும் மதிக்கின்றன. தமிழில் ராப் இசை 2000களில் மலேசியக் கலைஞர்கள் வழியாகப் பரவலாயிற்று. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் இசைக்குழு கானா, ராப் ஆகியவற்றின் வழியாகச் சாதியை நேரடியாகவே பாடியது. விசுவநாததாஸ் கொக்கின் பெயரால் ஆட்சியை எதிர்த்துப் பாடினார். தம்மைத் தாழ்த்திய சாதியைப் பாடுவதற்கு அவர் காலத்து மேடையில் அத்தகைய மறைப்பு கூடக் கிடைக்கவில்லை.

நினைவு

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவு இல்லமாக்கியுள்ளது. மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி வட்டாரக் கிராமத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம் இன்றும் விடிய விடிய நடைபெறுகிறது. தினைப்புனக் காட்சியும் தர்க்கமும் அதில் இன்றும் இடம்பெறுகின்றன.