அர்ச். இறை அருளப்பர்: நர்சுகளின் பாதுகாவலர்



இறை யோவான் என்றும் அழைக்கப்படும் அர்ச். இறை அருளப்பருடைய திருநாள் மார்ச் 8-ந் தேதி வருகிறது. உங்கள் வீட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மகளோ மருமகளோ இருந்தால், அவள் காதிலும் விழும்படி இச்சரித்திரத்தை வாசியுங்கள்.

1495-ம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் பிறந்த இவர், ஆடு மேய்த்தார், போர்ச்சேவகம் செய்தார். கடைசியில் ஸ்பெயின் நாட்டுக் கிரனாதா நகரில் ஞானப் புத்தகங்களும் படங்களும் விற்றுப் பிழைத்தார். நாற்பது வயதுக்கு மேல், அர்ச். செபஸ்தியார் திருநாளன்று, அவிலா அருளப்பர் என்னும் குரு செய்த பிரசங்கம் இவர் நெஞ்சைப் பிளந்தது. தம் பாவங்களை நினைத்து அலறினார், மயிரைப் பிய்த்துக்கொண்டார், தம்மைத்தாமே அடித்துக்கொண்டு தெருத்தெருவாய் ஓடினார். பைத்தியம் என்று சொல்லி இராஜ ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பதே அக்காலத்துச் சிகிச்சை.

அப்போது அந்தக் குருவே அவரைத் தேடி வந்தார். உன்னை வதைத்தது போதும், அந்தப் பலத்தை இனிப் பிறர் ஊழியத்தில் செலவிடு என்று புத்தி சொன்னார். அருளப்பரின் மனம் அமைந்தது. அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யத் தொடங்கினார். பின்னர் கிரனாதாவிலேயே ஏழை நோயாளிகளுக்கென ஓர் இல்லம் திறந்தார். தம்மை அடிப்பதை நிறுத்திய பிறகுதான் அவர் கைகள் பிறரைத் தூக்க உதவின என்பதைக் கவனியுங்கள்.

துயரம் அதோடு அவரை விட்டதா? இல்லை. இல்லத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கடனோ கழுத்தை நெரித்தது. இத்தனை பேர் வருந்துவதைப் பார்த்தும் உதவ முடியவில்லையே என்ற வேதனையை அவர் ஒளிக்கவில்லை. தம்மை ஆதரித்தவர்களுக்குக் கடிதத்தில் எழுதினார், சேசுநாதரிடம் ஒப்படைத்தார். மறுநாள் மீண்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு பிச்சைக்குப் புறப்பட்டார்.

வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு வாலிபனைக் காப்பாற்ற ஆற்றில் குதித்த பின் நோய் முற்றியது. அப்போதும் ஏழைகளை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஒரு சீமாட்டி அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பராமரிக்க விரும்ப, அதிமேற்றிராணியார் போகும்படி கட்டளையிட்டார். ஆயிரம் பேருக்குப் படுக்கை விரித்தவர், தமக்கு விரித்த படுக்கையில் கீழ்ப்படிந்து படுத்தார். 1550-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி முழந்தாளிட்டபடியே உயிர் துறந்தார். 1690-ல் அர்ச்சியசிஷ்டர் பட்டமும், 1930-ல் அர்ச். கமில்லுவோடு நர்சுகளின் பாதுகாவலர் என்ற பட்டமும் திருச்சபை அவருக்கு அளித்தது.

நர்ஸ் வேலை செய்யும் மகளே, உன் கண்முன்னே ஒரு நோயாளி இறந்தால், அன்றிரவு உன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறாய். குற்றம் வேறு, துக்கம் வேறு. குற்றமிருந்தால் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, மன்னிப்பும் உண்டு. துக்கம் பாவமல்ல; அதற்காக உன்னைத் தண்டிக்காதே. பிறனை நேசிப்பதற்கு நம் ஆண்டவர் வைத்த அளவே தன்னை நேசிப்பதுதான். அளவுபடியே உடைந்திருந்தால் எதைக் கொண்டு அளப்பாய்? வார்டில் உன் தோழி தவறிப்போனால் நீ என்ன ஆறுதல் சொல்வாயோ, அதையே உனக்கும் சொல்லிக்கொள். பாரம் பல நாளாய் இறங்கவில்லையென்றால் மருத்துவரிடம் போ, அதில் வெட்கமில்லை.

பெற்றோரே, கணவன்மாரே, இராத்திரி டூட்டி முடிந்து வருகிறவளை உறங்க விடுங்கள். சுடச்சுட ஒருவாய் சோறு போடுங்கள். அவள் பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேளுங்கள். அருளப்பருக்கு அந்தச் சீமாட்டி செய்த தர்மம் அதுவே.

திருநாளன்று பூசையில் நம் நர்சுகளுக்காக வேண்டிக்கொள்வோம்.

உங்கள் பங்குக் குரு