பாய்க்கப்பலில் போன முன்ஷி

காரைக்காலிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் நாகூர் வரும். தூரம் அதிகம் இல்லை. இரண்டு ஊர்களுக்கும் அந்தக் காலத்தில் கடல்தான் வயல். காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் கால் ஊன்றினார்கள். 1954-ல் விட்டுப் போனார்கள். நாகூரை ஆண்டவர்கள் வேறு. ஆனால் கடலுக்கு ஏது எல்லை? இந்தக் கரையின் வியாபாரிகள் மலாக்கா, பினாங்கு, சாவகம் என்று பாய் விரித்துப் போனார்கள்.

இந்தக் கரையில் வேர் விட்ட ஒரு குடும்பத்தில் வந்தவர்தான் முன்ஷி அப்துல்லா. மலாய் மொழியின் புதிய இலக்கியத்துக்குத் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள்.

நாகூர் வம்சம்

அப்துல்லாவின் பாட்டனாரைப் பெற்றவர் ஏமன் நாட்டு அரபுக்காரர். மார்க்கக் கல்வி சொல்லிக் கொடுப்பவர். நாகூருக்கு வந்தார். அங்கேயே மணம் முடித்தார். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் மலாக்காவுக்குப் போனார். பெரியாச்சி என்ற பெண்ணை மணந்து அங்கேயே தங்கினார்.

அவர்களுடைய பேரனாக 1796-ல் அப்துல்லா பிறந்தார். அவருக்கு முன் பிறந்த நான்கு குழந்தைகளும் தங்கவில்லை. இவரும் நோஞ்சான். இந்தப் பிள்ளையாவது பிழைக்குமா என்று வீடே தவித்தது. பிள்ளை பிழைத்தது.

மலாக்காவின் வியாபாரக் குடும்பங்களில் தமிழ் படிப்பது அப்போது வழக்கம். அப்துல்லாவும் தமிழ் படித்தார். கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பாடம் சொன்னார். அவர்கள் இட்ட பெயர்தான் முன்ஷி. ஆசிரியர் என்று பொருள். பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸ் துரைக்குச் சிறு வயதிலேயே எழுத்தராக இருந்தார். பஞ்சதந்திரக் கதைகளை 1835-ல் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார்.

ஆபத்தான பயணம்

1838-ல் கிளந்தான் நாட்டில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. அரச குடும்பத்தாரே ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்கு அங்கே சிக்கிக் கொண்டது. முதல் போட்டவர்கள் தலையில் கை வைத்தார்கள். கவர்னரின் கடிதங்களைக் கிளந்தானுக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே மலாயில் பேசி நயந்து கேட்கவும் ஆள் வேண்டும். அப்துல்லா புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

இரண்டு பாய்க்கப்பல்கள் கிளம்பின. காற்று அடித்தால் ஓட்டம், அடிக்காவிட்டால் நிறுத்தம். தீவுகளின் மறைவில் கடல் கொள்ளைக்காரர்கள் பதுங்கி இருப்பார்கள். அகப்பட்டால் சரக்கும் போகும், உயிரும் போகும். வழியெல்லாம் அந்தப் பயம்தான்.

பகாங், திரங்கானு, கிளந்தான் என்று ஒவ்வோர் ஊராக இறங்கினார் அப்துல்லா. கடிதம் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. தெருத் தெருவாகச் சுற்றினார். சந்தைக்குப் போனார். என்ன விற்கிறது, யார் விற்கிறார்கள் என்று பார்த்தார். திரங்கானுவில் தலையில் சுமந்து வந்து விற்றவர்கள் பெண்கள். ஆண்களில் பலர் இடுப்பில் ஆயுதத்தைச் செருகிக் கொண்டு சும்மா திரிந்தார்கள்.

மண்ணிலே வளம் இருக்கிறது. மக்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள்? அப்துல்லா யோசித்தார். விடை கிடைத்தது. பாடுபட்டுச் சேர்த்தால் ஆள்பவர்கள் பிடுங்கிக் கொள்வார்கள். அந்தப் பயத்தில் யாருக்கும் உழைக்க மனம் வரவில்லை.

கண்டதை எழுதினார்

உயிரோடு ஊர் திரும்பிய அப்துல்லா, இதை எல்லாம் புத்தகமாக எழுதினார். அதுவரை மலாய் நூல்களில் ராஜாக்களின் பெருமைதான் அதிகம். சந்தைக்காரியும் படகோட்டியும் அதில் வருவது அபூர்வம். அப்துல்லாவோ கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதினார். ராஜாக்களின் குறையையும் கூசாமல் சொன்னார். புதுமை அதுதான்.

இரண்டு ஆண்டுகளில் பெரும் துயரம் வந்தது. 1840-ல் பிரசவத்தில் மனைவி இறந்தார். அப்துல்லா பேனாவைக் கீழே வைக்கவில்லை. தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்தார். 1849-ல் அது அச்சாகி வெளிவந்தது.

1854-ல் மக்காவுக்கு யாத்திரை கிளம்பினார். மறுபடியும் பாய்க்கப்பல், மறுபடியும் குறிப்பேடு. மலையாளக் கரையைத் தொட்டுக் கப்பல் மேற்கே போயிற்று. அந்த யாத்திரையிலேயே அரபு மண்ணில் அவர் காலமானார். அவர் வீடு திரும்பவில்லை. அவர் எழுதிய குறிப்புகள் மட்டும் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தன.

மலேசியாவில் அவர் நூல்களை இன்றும் படிக்கிறார்கள். நாகூரிலிருந்து கப்பல் ஏறிய ஒரு குடும்பம், இன்னொரு நாட்டுக்கு ஓர் எழுத்தாளரைக் கொடுத்தது.