வீரமாமுனிவரும் வினைச்சொற்களும்

இத்தாலி நாட்டுக் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இளமையிலேயே இயேசு சபையில் சேர்ந்து குருத்துவக் கல்வி முடித்து, 1710இல் கோவாவில் வந்திறங்கினார். அடுத்த ஆண்டே மதுரை மறைப்பணிக் களத்தை அடைந்தார். தைரியநாதர் என்று தம்மை அழைத்துக்கொண்ட அவரையே தமிழுலகம் வீரமாமுனிவர் எனப் போற்றுகிறது.

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், அரியலூர் மழவராயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஏலாக்குறிச்சியே அவருடைய தமிழ்ப்பணிக்குத் தலைக்களமாயிற்று. முன்பு பெரம்பலூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அதன் மீது கலம்பகமும் பாடினார். 3615 பாக்களால் ஆகிய தேம்பாவணி அவரைப் பெரும்புலவர் வரிசையில் அமர்த்தியது. காவியப் புகழின் ஒளியில் அவருடைய மற்றோர் உழைப்பு மங்கித் தோன்றுவதுண்டு. தமிழையும் இலத்தீனையும் அருகருகே வைத்துச் சொல்லுக்குச் சொல் பொருள் கண்ட உழைப்பு அது.

முப்பது வயதைக் கடந்து தமிழ் கற்கப் புகுந்த அயலவர்க்குப் பெயர்ச்சொற்கள் பெருந்தொல்லை தருவதில்லை. மரத்தையும் மலையையும் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்டறியலாம். இடர் வினைச்சொல்லில் இருக்கிறது. அதிலும் இரு வினைகள் இணைந்து ஒரு பொருள் தரும் இடத்தில் இருக்கிறது. சொல்லுதல் இன்னது, கொடுத்தல் இன்னது எனத் தனித்தனியே அறிந்தவரும், சொல்லிக்கொடுத்தல் கற்பித்தலைக் குறிக்கும் என்பதைத் தாமே உய்த்துணர்வது அரிது. விட்டுக்கொடுத்தலில் கையால் கொடுக்கும் பொருள் ஏதும் இல்லை. பார்த்தான் என்பதற்கும் பார்த்துக்கொண்டான் என்பதற்கும் இடையே, கண்ணால் காண்பதற்கும் ஒருவரைப் பேணிக் காப்பதற்கும் உள்ள தொலைவு உண்டு.

இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. ஆங்கிலத்தில் வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்தால் பொருள் அடியோடு மாறிவிடும். பார்த்தலைக் குறிக்கும் 'லுக்' என்னும் சொல்லோடு 'ஆஃப்டர்' சேர்ந்தால் பேணுதல் என்றாகும். அதனை ஸ்பானிய மொழியில் பெயர்ப்போர் இரு சொற்களையும் துறந்து 'குயிதார்' என்னும் ஒரே வினையை நாட வேண்டும். இலத்தீனிலும் சொல்லிக்கொடுத்தலுக்கு 'தொக்கேரே' என்னும் ஒரு சொல்லே போதும். கண்டுபிடித்தலுக்குரிய 'இன்வெனீரே' என்னும் சொல்லோ, வருதல் என்னும் வினைக்கு முன்னொட்டுச் சேர்த்து அமைந்தது. தமிழன் கண்டு பிடிக்கிறான். உரோமானியன் அதன்பால் வந்து சேர்கிறான். இருவரும் அடையும் பொருள் ஒன்று; செல்லும் வழி வேறு.

ஒரே சொல்லும் கிட்டாத இடங்களும் உண்டு. வந்தான், வந்துவிட்டான் என்னும் இரண்டுக்கும் இலத்தீனில் ஒரே இறந்தகால வினையே கிடைக்கும். செயல் முடிந்த உறுதியையும், அதனால் எழும் ஆறுதலையோ அச்சத்தையோ சூழ்நிலைதான் காட்டவேண்டும்.

இத்தகைய துணைவினைகள் செழித்திருப்பது மக்களின் பேச்சிலேயாம். புலவர்கள் செந்தமிழையே இலக்கணத்துக்கு உரியதாகக் கருதிய அக்காலத்தில், முனிவர் 1728இல் வழக்குத் தமிழுக்கென்றே இலத்தீனில் ஓர் இலக்கணம் வகுத்தார். அவர் அதனைக் கொடுந்தமிழ் என்றே சுட்டினார். ஆயினும் தனி நூல் எழுதும் தகுதி அதற்கு உண்டென்று கண்டார். செந்தமிழுக்கு வேறோர் இலத்தீன் இலக்கணமும், தமிழிலேயே தொன்னூல் விளக்கமும் இயற்றினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது தரங்கம்பாடியில். அங்கிருந்த லூத்தரன் சபையாரோடு முனிவர் கடுமையாகச் சொற்போர் புரிந்தவர். சமயத்தில் எதிர்நின்றவர்களே அவருடைய இலக்கணத்தை அச்சிட நேர்ந்தது, மொழித்தேவை சமயப்பூசலினும் வலிது என்பதைக் காட்டும்.

வழக்குத் தமிழ்ச் சொற்களுக்கு இலத்தீனில் பொருள் கூறும் அகராதியையும் அவர் தொகுத்தார். பரமார்த்த குருவின் கதையைத் தமிழிலும் இலத்தீனிலும் எழுதினார். நகைச்சுவைக்காகவே இன்று படிக்கப்படும் அக்கதை, பேச்சுத்தமிழ் பயில்வோர்க்குப் பாடநூலாகவும் பயன்பட்டது. தனிச்சொல்லின் பொருளை அகராதி தரும். சொல் சொல்லோடு கூடி என்ன செய்கிறது என்பதைக் கதைதான் காட்டும்.

1732இல் நிறைவுற்ற சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளை உடையது. நிகண்டுகளை மனப்பாடம் செய்தே சொற்பொருள் அறிந்த நாட்டில், அகரவரிசையில் சொல்லைத் தேடிக் காணும் எளிய வழியை அது திறந்தது. தொடையகராதியால் பெரிதும் பயன்பெற்றவர்கள் கவிஞர்களே.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார்; காமத்துப்பாலை விடுத்தார். துறவியின் தயக்கம் எனினும், வள்ளுவர் முப்பாலாக அமைத்த நூல் அவர் கையில் இருபாலாயிற்று என்பது குறையே. ஆயினும் ஜி.யு.போப் 1886இல் தம் ஆங்கிலக் குறளை வெளியிட்டபோது, அவ்விலத்தீன் பெயர்ப்பு அவருக்குத் துணைநின்றது.

வீரமாமுனிவர் 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் மறைந்தார். சென்னைக் கடற்கரையில் 1968இல் அவருக்குச் சிலை எழுந்தது. கவிதை எழுதுவோர் பெயர்களையும் உவமைகளையும் தேடி அலைவர்; விடு, கொள், போடு, வை என்னும் சிறுவினைகளை எண்ணிப் பாரார். தாய்மொழியாளர் கேளாமலே கடந்துபோகும் அச்சொற்களின் முன் ஓர் அயல்நாட்டவர் நின்று பொருள் கேட்டார். அவர் நின்று கேட்ட மண் ஏலாக்குறிச்சி மண் என்பது இப்பகுதிக்கு வாய்த்த பெருமை.